சிறு கண்ணாடித் தொட்டியும் அதற்குரிய உயிர்களும்

கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே இருப்புப்பாதையை அடுத்து அமைந்துள்ளது எம் ஊராகிய சோமனூர். விசைத்தறிக்குப் பெயர்பெற்ற அவ்வூரில், முன்புறம் இல்லமும் பின்புறம் தறிக்குடோனுமாக இடத்தை வகுத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் பல. அங்ஙனம் வாழ்வார்க்கு அகன்ற தோட்டம் அமைத்தலும், ஆடு மாடு முதலியவற்றைப் பேணுதலும் எளிதன்று. ஆயினும், ஏதேனும் ஓர் உயிரை அருகிருத்தி வளர்த்தல் வேண்டும் என்னும் அவா சிறுவர் உள்ளத்தை விட்டு நீங்குவதில்லை. இடமோ சிறிது; ஆசையோ பெரிது. இவ்விரண்டிற்கும் இசைவதாகப் பலருக்குத் தோன்றுவது சிறு கண்ணாடித் தொட்டியே.

எம் இல்லத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. சென்ற ஆண்டு விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபோது, எம் தம்பி திருவிழாக் கடையொன்றில் உருண்டைக் குடுவை ஒன்றும் தங்கமீன்கள் இரண்டும் வாங்கி வந்தான். குடுவை நான்கு லிட்டர் நீருக்குமேற் கொள்ளாது. "நீரை நாள்தோறும் முழுதும் மாற்று, தூய நீரில் மீன் நன்றாக வாழும்" என்று அவனுக்கு அறிவுரை கூறிவிட்டு யாம் கல்லூரிக்குத் திரும்பினோம். பதினொன்றாம் நாள் மாலையில் அவன் தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, நீங்கள் சொன்னபடியே தினமும் தண்ணீரை மாற்றினேனே! பிறகு ஏன் இரண்டும் செத்துப்போயின?" என்று கேட்டான். எம்மிடம் விடை இல்லை. அன்றுதொட்டு அவ்விடையைத் தேடிக் கற்றனவற்றுள், பிறருக்கும் பயன்படுவனவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறப் புகுந்தோம்.

தமிழ் பயில்வார்க்கு இப்பொருளை விளங்கிக்கொள்ளுதற்கு ஓர் எளிய வழி உண்டு. அகப்பொருள் கூறப்புகுந்த தொல்காப்பியனார் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனப் பொருளை மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் அப்பொழுதில் வாழும் விலங்கும் மரமும் புள்ளும் பிறவும் கருப்பொருள். நிலம் முன்னர் வைத்து எண்ணப்பட்டது. உயிர் அதன்பின் வைத்து எண்ணப்பட்டது. யாமோ இம்முறையைத் தலைகீழாக்கினோம். கண்ணுக்கினிய மீனை முதலில் வாங்கினோம். அதற்கு நிலமாகிய நீரைப்பற்றிப் பின்னரும் எண்ணினோமில்லை. ஆதலின், தொட்டிக்குரிய உயிர் யாது என ஆராயுமுன், தொட்டியின் நிலத்தையும் பொழுதையும் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, நீரின் அளவு. தொட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, வந்த தொகையை ஆயிரத்தால் வகுத்தால், அது கொள்ளும் லிட்டர் கணக்குப் புலனாகும். 30 சென்டிமீட்டர் நீளமும், 20 சென்டிமீட்டர் அகலமும், 25 சென்டிமீட்டர் உயரமும் உடைய தொட்டி 15 லிட்டர் கொள்ளும். அடியிலிடும் மணலையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 12 லிட்டரே. நம் இல்லத்துப் பெண்டிர் இடுப்பிற் சுமக்கும் ஒரு குடத்து நீரினும் இது குறைவு. மேசைமீது அழகுற விளங்கும் அத்தொட்டி முழுதும் ஒரு குடம் நீர்தான் என்பதை மறவாதிருத்தல் நன்று.

இரண்டாவது, அந்நீரில் நிகழும் மாறுதல். மீன் உண்ட உணவிலுள்ள புரதம் அதன் உடலிற் சிதைந்து அம்மோனியாவாகிப் பெரும்பாலும் செவுள்வழியே வெளிப்படுகின்றது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவையே தருகின்றது. இது மீனுக்குக் கொடிய நஞ்சு. இயற்கையில் இந்நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் உள. ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, அது குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். இறுதியில் எஞ்சும் நைட்ரேட்டோ தீமை குறைந்தது, நீர்ச்செடிகளுக்கு உரமாவது. இத்தொழிலைச் செய்யும் நுண்ணுயிர்களை உருசிய நாட்டு அறிஞராகிய விநோகிராட்ஸ்கி என்பார் 1890-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து விளக்கினார். இவை நீரில் மிதந்து திரிவதினும் மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் பற்றி வாழ்வனவே மிகுதி. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும்.

பெரிய நீர்நிலையில் சிறிதளவு நஞ்சு கலந்தால் அது பரந்து மெலிந்துவிடும். சிறு தொட்டியிலோ மெலிதற்கு இடமில்லை. இவ்வுண்மையை எம் பகுதி மக்களுக்கு நூல்கொண்டு விளக்க வேண்டுவதில்லை. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, கோவை நகரையும் எம் ஊர்க்கு அருகிலுள்ள சாமளாபுரத்தையும் கடந்து திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியிற் கலக்கும் நொய்யலாறு, சாயக்கழிவால் உற்ற கேட்டை அனைவரும் அறிவர். அக்கேடு பொறுக்கலாகாத அளவை எய்தியமையால், 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஓர் ஆறு கெடுதற்குப் பல ஆண்டுகள் சென்றன. ஒரு குடம் நீர் கெடுதற்கோ அளவிற்கு மிஞ்சிய ஒரு பிடி உணவும் இரண்டு நாளும் போதும்.

இனி எம் தம்பியின் வினாவிற்கு விடை காண்போம். குழாய்நீரில் நோய்க்கிருமிகளைக் கொல்லுதற்குக் குளோரின் சேர்க்கின்றனர். அது மீனின் செவுளையும் எரிக்கும். மேற்கூறிய நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் கொல்லும். நாள்தோறும் நீர் முழுவதையும் மாற்றிக் குடுவையையும் தேய்த்துக் கழுவியதால், அந்நுண்ணுயிர்கள் வேரூன்றுதற்கு வழியின்றிப் போயிற்று. புதுநீரின் வெப்பமும் தன்மையும் பழைய நீரோடு ஒவ்வாமையால் மீன்கள் நாள்தோறும் அதிர்ச்சியுற்றன. தூய்மை என்று யாம் கருதியது கண்ணுக்குத் தோன்றும் தெளிவு மட்டுமே. குற்றம் தம்பியுடையதன்று, அறியாது அறிவுரை கூறிய எம்முடையதே. முறையாவது யாதெனின், வாரத்திற்கொருமுறை நான்கிலொரு பங்கு நீரை மட்டும் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய நீரை அதே அளவு மெல்ல ஊற்றுதலேயாம். அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகலும். ஆயினும் குளோரமின் கலந்த நீர் அவ்வாறு தெளியாது. ஆதலின் அதற்கென விற்கும் மருந்துத்துளிகளைப் பயன்படுத்தலே அச்சமற்றது. வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரிற் கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்தெடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஊரின் நிலத்தன்மை. கொங்குநாட்டு ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஊறுவது கடினநீர். 'உப்புத்தண்ணீர்' என்று நாம் ஒதுக்கும் அந்நீரில் சுண்ணச்சத்து மிகுதி. பெரும்பாலும் அது காரத்தன்மையும் உடையது. காரம் மிகுந்த நீரிலும் வெப்பம் மிகுந்த நீரிலும் அம்மோனியாவின் கொடுமை பன்மடங்காகும். எனவே எம் போன்ற ஊரார் உணவிடுதலில் இரட்டிப்பு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

நான்காவது, பொழுது. சித்திரை வைகாசி வெயிலில் ஓட்டுவீட்டினுள் வைத்த சிறு தொட்டி விரைவிற் சூடேறும். மார்கழி இரவில் விரைவிற் குளிரும். நீர் சூடேறுந்தோறும் அதிற் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். மீனுக்கோ வெப்பம் மிகுந்தபோதுதான் மூச்சுத் தேவையும் மிகும். உருண்டைக் குடுவையைக் கழுத்துவரை நிரப்பினால் காற்றுப்படும் மேற்பரப்புச் சுருங்கி, இத்தீங்கு பின்னும் வளரும்.

தறிக்குடோனில் தொட்டி வைப்பார்க்கு வேறும் ஒன்று கூறவேண்டும். மீனின் விலாப்பக்கத்தே ஓடும் உணர்வுக்கோட்டால் அது நீரின் சிறு அதிர்வையும் அறியும். தறியின் இடையறா அதிர்வு அதற்குத் துன்பமாம். பறக்கும் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் நீரின்மேல் ஆடைபோற் படிந்து காற்றைத் தடுக்கும். ஆதலின் தொட்டிக்குரிய இடம் வெயில் நேரே படாத முன்னறையேயன்றித் தறியின் பக்கமன்று.

நிலமும் பொழுதும் இவையாக, இனி உயிரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவாம். கடையில் மீனைக் காணுங்கால் அதன் அன்றைய அளவை நோக்காது, முழுவளர்ச்சியில் அது எய்தும் அளவை நோக்குக. நின்று திரிவதா, விரைந்து நீந்துவதா என்று நோக்குக. தனித்து வாழ்வதா, கூட்டமாக வாழ்வதா என்று வினவுக. நம் ஊர் நீருக்கும் வெப்பத்திற்கும் ஒத்ததா என ஆராய்க. அளவின்றிப் பெருகுவதா என்பதையும் மறவற்க. இவ்வைந்து வினாக்களுக்கும் விடை காணாது எவ்வுயிரையும் வாங்குதல் தகாது.

இவ்வுரைகல்லில் தங்கமீனை உரைத்துப் பார்ப்போம். சீனநாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வளர்க்கத் தொடங்கிய கெண்டையினம் இது. விரற்கடை அளவிற் கடையில் தோன்றும் இம்மீன், நல்ல இடம் பெற்றால் 20 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். கழிவும் மிகுதியாக விடும். இங்கிலாந்தில் 1956-ஆம் ஆண்டு ஒரு விழாவிற் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் தங்கமீன், 43 ஆண்டு வாழ்ந்து 1999-இல் இறந்தது. அவ்வளவு வாழத்தக்கதொன்று எம் இல்லத்தில் பதினொரு நாளுக்குள் இறந்ததை எண்ணுந்தோறும் எமக்கு நாணம் உண்டாகின்றது. இத்தாலி நாட்டில் மோன்சா நகரம் 2004-ஆம் ஆண்டிலும், உரோமை நகரம் 2005-ஆம் ஆண்டிலும் உருண்டைக் குடுவையில் மீன் வளர்த்தலைத் தடைசெய்தன. எனவே சிறு தொட்டிக்குத் தங்கமீன் ஒருபோதும் ஆகாது.

தொட்டியைத் தூய்மை செய்யும் என்று கூறி விற்கும் 'சக்கர்' மீனும் அத்தகையதே. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அது 40 சென்டிமீட்டர்வரை வளரும். பாசியைத் தின்பதினும் மிகுதியாகக் கழிவைச் சேர்க்கும். காசளவிற் பச்சைநிறங்காட்டி மயக்கும் செங்காது ஆமை ஓர் உணவுத்தட்டின் அளவிற்கு வளர்ந்து பல்லாண்டு வாழும். நியான் டெட்ரா உருவிற் சிறிதாயினும், அமேசான் பகுதியின் மென்னீரில் கூட்டமாக வாழும் இயல்பினது. நம் உப்புத்தண்ணீர் அதற்குப் பகை. நம் நாட்டிற்கே உரிய வரிக்குதிரை மீன் நான்கு சென்டிமீட்டரே வளரும். எனினும் ஓயாது விரைந்து ஓடும் அதற்கு ஒரு சாண் தொட்டி சிறைக்கூடமாகும். உருவம் சிறிதாதல் மட்டும் போதாது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

அஃதேல், சிறு தொட்டிக்குத் தகுவன யாவை? முதலிற் கூறத்தக்கது, கடைகளில் 'பைட்டர்' என வழங்கும் சண்டைமீன். தாய்லாந்து நாட்டின் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்வது. செவுளேயன்றி, தலையினுள் அமைந்த தனி உறுப்பொன்றாலும் நீரின் மேல்வந்து காற்றை உண்ணும். தனிமையே இதன் இயல்பு. ஆணிரண்டை ஒருங்கு விட்டால் ஒன்றையொன்று கிழித்துக் கொல்லும். ஆதலின் தொட்டிக்கு ஒன்றே போதும். 15 லிட்டருக்குக் குறையாத நீரும், மேலே சிறிது காற்றிடமும், மறைந்து ஓய்தற்குச் சில இலைகளும், 24 முதல் 28 பாகை வரையிலான வெப்பமும் இருப்பின் இனிது வாழும். கடைகளில் ஒரு குவளை நீரில் இது அடைபட்டிருத்தலைக் கண்டு, அதுவே இதற்குப் போதுமென முடிவு செய்தல் பிழை. மூச்சு நிற்காதிருத்தல் வேறு, வாழ்தல் வேறு.

இரண்டாவது, இம்மீனின் உறவாகிய நம் நாட்டு மீனொன்று. நாம் வயற்கால்களிலும் குட்டைகளிலும் காணும் இம்மீன் ஆறு சென்டிமீட்டர் அளவினது. இதுவும் காற்றை உண்ணும். கொசுப்புழுவை விரும்பித் தின்னும். பிரெஞ்சு அறிஞர் குவியே 1831-ஆம் ஆண்டு இதனை விளக்கியெழுதினார். புதுவையை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து பெற்ற மீனுக்கு, அவ்வாற்றின் பெயர்கொண்டே 'குபானஸ்' எனப் பெயரிட்டார். இதன் ஆண், வாயினால் நுரைக்குமிழிகளை ஊதிக் கூடு சமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காத்து நிற்கும். 40 லிட்டர் அளவுள்ள தொட்டியில் ஓர் இணை அடக்கமாக வாழும். அயல்நாட்டு அழகையே தேடும் நாம், நம் வாய்க்காலில் உள்ளதை அறியாதிருத்தல் வியப்பே.

மூன்றாவது, கப்பி. கடினநீர் இதற்கு மிக உகந்தது. ஆதலின் எம் ஊர்க்குப் பொருந்தும். ஆயின் பெண்மீன் ஏறத்தாழ மாதந்தோறும் குஞ்சுகளை ஈனும். ஒருமுறை கூடியபின் பல மாதம் ஆணின்றியும் ஈனும். ஓர் இணை வாங்கினார், சில மாதத்தில் நூறு மீனுக்கு இடந்தேடி அலைவர். எனவே 40 லிட்டர் தொட்டியில் ஆண்களாகவே ஐந்தாறு வைத்தல் நன்று.

நான்காவது, செர்ரி இறால். மூன்று சென்டிமீட்டர் அளவினதாய்ச் செந்நிறத்தோடு இலைதொறும் ஏறி இறங்கி, பாசியையும் உணவுத் துகளையும் மேய்ந்து திரியும். கழிவு மிகச் சிறிதாதலின் ஒரு குடம் நீரிலும் பத்து இறால்கள் வாழும். எனினும் 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும், முதிராத புதுத் தொட்டியும் அவற்றிற்கு ஆகா. மீனோடு விட்டால் இரையாதலும் உண்டு. சிறு நத்தைகளும் நல்ல துணை. கடினநீரின் சுண்ணச்சத்து அவற்றின் ஓட்டிற்கு உரமாகும். ஆயின் குட்டைகளிற் பிடித்த நத்தைகள் ஒட்டுண்ணிப் புழுக்களைச் சுமந்திருத்தல் கூடுமாகலின், அவற்றைத் தொட்டியிற் சேர்த்தல் நன்றன்று.

நத்தையின் பயனை முதலில் உணர்த்தினார் இலண்டன் நகரத்து வேதியியல் அறிஞராகிய இராபர்ட் வாரிங்டன். அவர் இரண்டு தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் ஒரு கலத்திலிட்டு ஆராய்ந்தார். செடி வெளிவிடும் பிராணவாயு மீனுக்கு உதவிற்று. ஆயின் அழுகிய இலைகளால் நீர் கலங்கிற்று. நத்தைகளை விட்டதும் அவை அவ்விலைகளைத் தின்று நீரைத் தெளிவித்தன. இதனை அவர் 1850-ஆம் ஆண்டு வெளியிட்டார். மீன், செடி, நத்தை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் என்பது இவ்வாராய்ச்சியால் அறியப்பட்டது. எனவே, வேலம்பாசி முதலிய செடிகளும் சில நத்தைகளும் மட்டுமே உள்ள தொட்டியையும் வெறுந்தொட்டி என்று எவரும் இகழ வேண்டா.

எதனை வளர்ப்பினும், மணலும் செடியும் நீரும் இட்டு, சிறிய பஞ்சு வடிகட்டியை இயக்கி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவைத் தூவி, மீனின்றி ஆறு வாரம் காத்திருத்தல் வேண்டும். அவ்வுணவு அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிர்க்கு உணவாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றுவிட்டமையைச் சோதனைத் துளிகளால் அறிந்தபின்னரே உயிரைக் கொணர்க. இடையில் கொசு முட்டையிடாதவாறு தொட்டியின் வாயை மெல்லிய துணியால் மூடுக. எம் ஊரில் காடாத் துணிக்குக் குறைவில்லை. உணவு, மீன் இரண்டு நிமிடத்திற்குள் உண்டு முடிக்கும் அளவே போதும்.

வளர்க்க இயலாத நிலை வரின், மீனைக் குளத்திலோ கிணற்றிலோ விடுதல் அறமாகாது. விட்டவர்க்கு அஃது இரக்கமாகத் தோன்றும். ஆங்குள்ள உயிர்களுக்கோ கேடாகும். தொட்டிகளிலிருந்து வெளியேறிய சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றிற் பெருகி நம் நாட்டு மீன்களை நெருக்குகின்றது. வேண்டாததைக் கடைக்கோ, வளர்க்கும் நண்பர்க்கோ கொடுத்தலே முறை.

இத்துணையும் கற்றபின், அடுத்த விடுமுறையில் யாமும் தம்பியும் சேர்ந்து 20 லிட்டர் கொள்ளும் தொட்டியொன்றை முன்னறையில் அமைத்தோம். முதல் வாரத்திலேயே அவன், "அக்கா, மீன் எப்போது வரும்?" என்று நச்சரிக்கத் தொடங்கினான். யாம் நாட்காட்டியில் ஆறு வாரத்தைக் குறித்துக் கொடுத்தோம். நாள்தோறும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டே அவன் பொறுத்திருந்தான். நாற்பத்து மூன்றாம் நாள் நீலநிறச் சண்டைமீன் ஒன்று அத்தொட்டிக்கு வந்தது. இதனை எழுதும் இந்நாளில் அஃது அங்கு வந்து ஏழு திங்கள் கழிந்துள்ளன. பழைய உருண்டைக் குடுவையில் எம் அன்னையார் இப்பொழுது பொத்தான்களை இட்டு வைத்துள்ளார்.

நண்பர்களே, நும் இல்லத்துச் சிறுவர் கண்ணாடித் தொட்டி வேண்டுமென்று கேட்பின், மறுக்க வேண்டா. கடைக்கு அழைத்துச் செல்லுமுன் ஓர் அளவுகோலை அவர் கையிற் கொடுத்து, முதலில் நீரை அளக்கச் சொல்லுங்கள்.